தேரன்று நான் பிளாக் செய்தவர்கள்

"போன் நெட்டெல்லாம் சரிப்படாது மேடம்" என்று சொன்னவருக்கு மிஞ்சிப் போனால் இருபத்தாறு வயது இருக்கும். கம்பெனி சென்னையில். என்னைத் தேர்வுக்கு எடுக்கலாமா வேண்டாமா என்று பார்ப்பதற்காகக் கூப்பிட்டிருந்தார். வீட்டில் பிராட்பேண்ட் உண்டா என்று கேட்டார். கிடையாது, போனை லேப்டாப்பில் கேபிள் போட்டு மாட்டி அதிலிருந்துதான் நெட் எடுக்கிறேன் என்றேன். உண்மையைச் சொன்னதற்குத்தான் அந்தப் பதில். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பேசுகிறேன் என்றதும் குரலில் கொஞ்சம் இரக்கமும் சேர்ந்துகொண்டது. யாராவது எனக்கு இரக்கம் காட்டினால் எனக்கு ஆகவே ஆகாது.

"சரிப்படுதா இல்லையானு தேர்வுல பாருங்க தம்பி. அதுக்கு முன்னாடியே தீர்ப்பு எழுதாதீங்க" என்றேன்.

வேலை கேட்டுப் போகிறவள் பேசுகிற பேச்சா அது என்று என் வீட்டுக்காரர் அன்றைக்குக் கேட்டார். வேலை கேட்பவள் வாயை அடகு வைத்துவிட்டுத்தான் கேட்க வேண்டுமா என்று நான் திருப்பிக் கேட்டேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வேலை இதுதான். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுக் குறிப்புகளைப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் காதில் கேட்டுப் பிழையில்லாமல் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் பதினோரு வருடம் தட்டச்சு செய்தவள் நான். தினமும் காலையில் பஸ், சாயங்காலம் பஸ். பிறகு ஒருநாள் எல்லாக் கடிதங்களையும் இனித் தலைமை அலுவலகத்திலேயே அடித்துக்கொள்வார்கள் என்று சொல்லி என் நாற்காலியை எடுத்துவிட்டார்கள். இரண்டு வருடம் வீட்டில் இருந்தேன். வீட்டில் இருந்தேன் என்றால் சும்மா இருந்தேன் என்று அர்த்தம் இல்லை. ஆனால் எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த இரண்டு வருடத்தில் என் போன் ஒரு விசாரணை கவுண்டர் ஆகிவிட்டது. இருசக்கர வாகன உதிரிபாகக் கடை வைத்திருக்கிற வீட்டுக்காரர் கடையிலிருந்து கூப்பிட்டுப் பழைய ரசீதுப் புத்தகம் எங்கே என்பார். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தால் கீழே அடுப்படியிலிருந்து அத்தை, அதாவது என் மாமியார், போனில் கூப்பிட்டு வெந்தயம் எங்கே என்று கேட்பார். வ. புதுப்பட்டியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் மதினி, வீட்டுக்காரரின் அக்கா, அவருடைய வீட்டு மிக்ஸி ஜாடி ஏன் கசிகிறது என்று என்னிடம் கேட்பார். ஒரு நாள் வந்த அழைப்புகளை எண்ணத் தொடங்கினேன். மத்தியானத்துக்குள் சலித்துப்போய் விட்டுவிட்டேன்.

இந்த வேலைக்கான பயிற்சியை ஆறு மாதம் ஆன்லைனில் படித்தேன். லேப்டாப், மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தது. அவள் மதுரையில் கல்லூரி விடுதிக்குப் போனபோது, இது ஒரு மணி நேரம்கூடச் சார்ஜ் நிற்காது என்று என்னிடம் தள்ளிவிட்டுப் போனாள். நெட்டுக்குப் போன். எங்கள் வீட்டில் மாடிப்படியின் இரண்டாவது திருப்பத்தில்தான் சிக்னல் ஒழுங்காக வரும். அங்கே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். கேபிள் இல்லாமல் ஹாட்ஸ்பாட்டில் போட்டால் விட்டு விட்டு வரும். கேபிள் மாட்டினால் நிலையாக வரும், ஆனால் போன் தோசைக்கல்லாய்க் கொதிக்கும். அதனால் கவிழ்த்துப் போட்ட எவர்சில்வர் தட்டின் மேல் போனை வைத்து, பக்கத்தில் சின்ன மேசை விசிறியைத் திருப்பிவிடுவேன். இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. நானே தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்தது. அதில் எனக்குப் பெருமை உண்டு.

ஒன்றைத்தான் என்னால் சரிசெய்ய முடியவில்லை. என் போன் பழசு. யாராவது கூப்பிட்டால் அந்த நிமிஷமே டேட்டா நின்றுவிடும். சைலண்டில் போட்டால் சத்தம்தான் கேட்காதே தவிர அழைப்பு வரும், லேப்டாப்பில் நெட் போய்விடும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்காத கதைதான். மாரடைப்பு பற்றிய பாடத்தில் பாதி வெந்தயத்தில் போயிற்று. பத்திலிருந்து பன்னிரண்டு மணி வரை யாரும் கூப்பிடாதீர்கள் என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். பதினொரு மணிக்குக் கூப்பிட்டு, வகுப்பு முடிந்துவிட்டதா என்று கேட்டார்கள்.

பிராட்பேண்ட் போட்டுத் தொலைய வேண்டியதுதானே என்று கேட்கலாம். எங்கள் வீடு தேர் வரும் வீதியில் இருக்கிறது. ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு முன்னால் எங்கள் பகுதியில் குறுக்கே தொங்குகிற வயர்களை எல்லாம் அவிழ்த்துவிடுவார்கள். திரும்பக் கட்ட வருகிறவர் எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது. அதனால் அந்தப் பேச்சையே நாங்கள் எடுப்பதில்லை. ஆக, என் போன்தான் என் மோடம், அந்த இரண்டாவது திருப்பம்தான் என் அலுவலகம். அந்த வேலை கிடைத்தால் ஒரு நாளில் நான்கு மணி நேரம் யாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டாம். சம்பளத்தைவிட அதுதான் எனக்கு வேண்டியிருந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

சென்னைக்காரர் கடைசியில் என்னைத் தேர்வுக்கு எடுத்தார். மூன்று தேதிகளைப் போட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி மெயில் வந்தது. வீடியோவில் அவர் பார்த்துக்கொண்டிருக்க, டாக்டரின் பேச்சை ஓடவிடுவார்கள், நான் அங்கேயே அடித்துக் காட்ட வேண்டும். இணைப்பு மூன்று முறை அறுந்தால் தேர்வு ரத்து. மறுபடி ஆறு மாதம் கழித்துத்தான் விண்ணப்பிக்கலாம். ராத்திரிச் சாப்பாட்டின்போது இதைச் சொன்னேன். அத்தை எழுந்துபோய் நாள்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து விளக்குக்கு நேரே பிடித்தார்.

"நடுவுல உள்ள தேதியப் போடு. அன்னைக்கு ஆடிப்பூரம். ஆண்டாள் பொறந்த நாளு. தொட்டது தொலங்கும்" என்றார். நல்ல நேரமும் அவரே பார்த்தார். ஒன்பதரை முதல் பத்தரை. கம்பெனி கொடுத்த நேரங்களிலும் ஒன்பதரை இருந்தது. இதைவிட வேறென்ன வேண்டும் என்று எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான் ஆட்டினேன். என் கையால்தான் அதை அழுத்தினேன்.

பத்தொன்பது வருடமாகத் தேரன்று எங்கள் வாசலில் எள் போட்டால் எள் விழாது என்பதைப் பார்க்கிறவள் நான். ஆனால் அந்த நேரத்தில் அது ஒருவருக்கும் நினைவு வரவில்லை. ஆடிப்பூரம் என்றால் எங்கள் மனதில் நல்ல நாள் என்றுதான் பதிந்திருக்கிறது. அந்த நல்ல நாளில் ஊரே தெருவில் நிற்கும் என்பது தனியாக எங்கேயோ கிடக்கிறது. வேறு ஊர்க்காரர்கள் இந்தத் தப்பைச் செய்யவே மாட்டார்கள்.

இரண்டு நாளைக்கு முன்னால் வயர் அவிழ்க்கிறவர்கள் ஏணியோடு வந்தார்கள். அவர்கள் பின்னாலேயே ஓர் ஆட்டோ, தேரோடும் வீதிகளில் காலை எட்டு மணி முதல் மின்சாரம் இருக்காது என்று மைக்கில் சொல்லிக்கொண்டு போனது.  கரண்ட் இல்லாவிட்டால் லேப்டாப் முழுசாக ஒரு மணி நேரம் நிற்காது. அதையாவது பார்த்துக்கொள்ளலாம். போன வருடம் தேர் எங்கள் முக்கில் திரும்பியபோது தெருவில் நின்ற அத்தனை பேரும் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து துபாய்க்கும் சென்னைக்கும் வீடியோ காட்டினார்கள். மதினி எதிர்ப்பக்கத்தில் நின்றுகொண்டு எனக்கு அனுப்பிய படம் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தது. அன்றைக்கு எங்கள் ஊர் டவரில் ஒரு பொட்டு டேட்டா நகராது.

தேதியை மாற்றித் தரச் சொல்லி மெயில் போட்டேன். மாற்ற இயலாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது உன் போன் சிக்னல் எம்மாத்திரம், ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு நாற்பத்து மூன்று வயது. ஆறு மாதம் கழித்து ஆறு மாதம் கழித்து என்றுதான் இது வரைக்கும் வந்து நிற்கிறது. அத்தை, ஆண்டாள் பார்த்துக்கொள்வாள் என்றார். ஆண்டாளிடம் டவர் கிடையாதே அத்தை என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

நான் அன்றைக்கு வெளியே போய்த் தேர்வு எழுதப்போகிறேன் என்றேன். அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது ஒரு சின்னத் தேரோட்டம். தேரன்று எங்கள் வீட்டில் பதினான்கு பேர் சாப்பிடுவார்கள். மதினி குடும்பம் புதுப்பட்டியிலிருந்து வரும், வத்திராயிருப்பிலிருந்து அத்தையின் தம்பி குடும்பம் வரும். தேர் வாசலுக்கு வந்ததும் தேங்காய் பழத்தட்டை வீட்டு மருமகள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எந்த வீட்டிலாவது தேர் அன்றைக்கு மருமகள் வெளியூர் போவாளா என்று அத்தை கேட்டார். இந்த வீட்டில் போவாள் என்றேன். ஒரு வருடம் தட்டை உங்கள் மகள் கொடுத்தால் தேர் நகராமலா போய்விடும் என்றும் கேட்டேன். கொஞ்சம் அதிகம்தான். ஆனால் வாய் வந்துவிட்டது, திருப்பி விழுங்க முடியாது.

அன்று விடியுமுன் எழுந்து சாம்பார், ரசம், இரண்டு பொரியல், பாயசம் எல்லாம் வைத்து முடித்தேன். வடைக்கு ஆட்டி வைத்தேன். எது எது எங்கே இருக்கிறது என்று அத்தையிடம் இரண்டு தடவை சொன்னேன். சாப்பாட்டில் குறை வைத்துவிட்டு ஓடினாள் என்று ஒருவரும் சொல்லக்கூடாது என்கிற வீம்பு. இப்போது நினைத்தால் அந்த வீம்புகூடத் தேவையில்லை. வேலைக்குப் போகிற ஆண் பதினான்கு பேருக்குச் சமைத்து வைத்துவிட்டா போகிறான். ஒன்பதரை மணிக்குத் தேர்வு, பத்தரை வரைக்கும் என்னைக் கூப்பிடக் கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு ஏழரை மணிக்கு லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஊரே தேரைப் பார்க்க உள்ளே வருகிறது, நான் ஒருத்தி வெளியே போகிறேன். பட்டுச் சேலைகளும் பூவும் குழந்தைகளுமாக எதிரே வந்தவர்கள் எல்லோரும் என்னை இடித்துக்கொண்டு போனார்கள். வன்னியம்பட்டியிலிருந்து வந்த தெரிந்த அம்மாள் ஒருவர், தேர் இந்தப் பக்கம்மா என்று எனக்கே வழி காட்டினார். பஸ்கள் ஊருக்குள் வரவில்லை. ராஜபாளையம் சாலை வரைக்கும் நடந்துபோய், அங்கே திருப்பிவிட்டிருந்த பஸ்ஸில் ஏறினேன். உள்ளே டிரைவரையும் கண்டக்டரையும் தவிர நான்கு பேர்தான் இருந்தோம்.

எங்கே போகிறேன் என்பது எனக்கு முன்னாடியே தெரியும். பதினோரு வருடம் பஸ்ஸில் போய்வந்த சாலை அது. ராஜபாளையத்துக்குச் சற்று முன்னால், சாலையோரத்தில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. ஆடி மாதத்தில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். மண்டபம் காலியாகக் கிடக்கும். கரண்ட் இருக்கும், சுவர் இருக்கும், சத்தம் இருக்காது, ஸ்ரீவில்லிபுத்தூர் டவருக்கு வெகுதூரம். முன்கூட்டி யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் முதலாளியைக் கேட்க வேண்டும் என்பார்கள், முதலாளி யாரையோ கேட்க வேண்டும் என்பார். நேரில் போய் நின்றால் ஆளைப் பார்த்துப் பேசலாம் என்று நம்பிப் போனேன்.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற பெண்மணி வாசல் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். என் வயது அல்லது இரண்டு மூன்று கூட இருக்கும். தலை நிறையக் கனகாம்பரம். நான் விஷயத்தைச் சொன்னேன். லேப்டாப்பைத் திறந்து காட்டினேன், கம்பெனி மெயிலைக் காட்டினேன். அதெல்லாம் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு மணி நேரம் உட்கார இடமும் ஒரு பிளக் பாயிண்டும் வேண்டும் என்றதும் புரிந்தது.

"ஆடியில மண்டபம் கேட்டு வந்த மொத ஆளு நீதாம்மா" என்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தயங்கி, தான் தேர் பார்க்கக் கிளம்பிவிட்டதாகவும், தெரியாத ஆளிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால் வேலை போய்விடும் என்றும் சொன்னார். அது நியாயம். என் வேலைக்காக அவருடைய வேலையைக் கேட்க முடியாது.  அவரே ஒரு வழி சொன்னார்.

"ஒன்னைய உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போறேன். தேர் பாத்துட்டு ரெண்டு மணிபோல வாரேன். சம்மதமா?"

சம்மதம் என்றேன். யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அவர் மெயின் சுவிட்சைப் போட்டு, மேடைக்குப் பக்கத்தில் இருந்த அறையைத் திறந்துவிட்டு, வெளியே போய்ப் பூட்டினார். பூட்டு விழுந்த சத்தம் அந்தப் பெரிய ஹாலில் இரண்டு தடவை கேட்டது.

அறைக் கதவில் மணமகள் அறை என்று எழுதியிருந்தது. உள்ளே சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி, சுற்றிலும் குண்டு பல்புகள், கண்ணாடியில் யாரோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள். கண்ணாடிக்கு முன்னால் இருந்த மேசையில் லேப்டாப்பை வைத்தேன். போனைக் கேபிளில் மாட்டி ஜன்னல் கம்பியோரம் வைத்தேன். நான்கு கோடு சிக்னல். எங்கள் வீட்டு மாடிப்படியில் ஒருநாளும் நான்கு கோடு பார்த்ததில்லை. எனக்கு அழுகை வரும் போல இருந்தது, மணி ஒன்பது பத்து ஆகிவிட்டதால் அழவில்லை.

ஒன்பதரைக்குச் சென்னைக்காரர் திரையில் வந்தார். என் அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார், அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். ஒன்றும் கேட்காமல் ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார். பிறகு டாக்டரின் பேச்சை ஓடவிட்டார். வாயில் எதையோ மென்றுகொண்டே பேசுகிற டாக்டர். நான்கு வரி அடித்திருப்பேன். ஜன்னலோரத்தில் போன் அதிர்ந்தது. வீட்டுக்காரர். திரை அப்படியே உறைந்து நின்றது. அழைப்பை வெட்டினேன். நெட் திரும்பி வர முப்பது விநாடி ஆயிற்று.

"ஒரு தடவை கட் ஆயிருச்சு மேடம்" என்றார் அவர், எதிர்பார்த்த மாதிரி.

மறுபடி தொடங்கினோம். இரண்டாவது பத்தி பாதியில் மதினி. வெட்டினேன். திரும்ப இணைந்தபோது சென்னைக்காரர் குரலில் அந்தப் பழைய இரக்கம் வந்துவிட்டது. இன்னொரு தடவை அறுந்தால் தான் ஒன்றும் செய்ய முடியாது, அதனால்தான் போன் நெட் வேண்டாம் என்று முன்பே சொன்னதாகச் சொன்னார். ஒரு நிமிஷம் கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்தார்.

போனைக் கையில் எடுத்தேன்.  ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முதலில் வீட்டுக்காரர் நம்பரை பிளாக் செய்தேன். உறுதியா என்று போன் கேட்டது. உறுதி. அடுத்து மதினி. மதினி வீட்டுக்காரர். அத்தை. அத்தையின் தம்பி, அவர் மனைவி, அவர்கள் மகன். ஒவ்வொரு பேருக்கும் உறுதியா உறுதியா என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது. உறுதி, உறுதி. அன்றைக்கு என் வீட்டில் இலை போட்டு உட்காரப்போகிற அத்தனை பேரையும், போன் வைத்திருக்கிறவர்களில் ஒருவர் விடாமல், நான் அடைத்தேன். ஒரு நிமிஷம் முடிவதற்குள் முடித்துவிட்டேன்.

பிறகு டாக்டரின் பேச்சு ஓடியது. ஒரு தடவை மட்டும் நடுவில் ஒரு விநாடி திணறியது. யாரோ கூப்பிட்டு, அடைத்த கதவில் முட்டிவிட்டுப் போயிருக்க வேண்டும். இணைப்பு அறுந்துபோகவில்லை. மருந்துப் பெயர்கள், ரத்த அளவுகள், மென்று விழுங்கிய வார்த்தைகள் எல்லாவற்றையும் அடித்தேன். பதினோரு வருடம் மில் அதிகாரிகள் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்ன கடிதங்களை அடித்த கை. அந்த டாக்டர் என்ன பெரிய ஆள். முடிந்ததும் சென்னைக்காரர் நான் அடித்ததைப் படித்துப் பார்த்தார்.

"ரூமைச் சுத்திக் காட்டும்போது கண்ணாடி, லைட்டெல்லாம் பாத்தேன். எங்க இருக்கீங்க மேடம்?"

"கல்யாண மண்டபத்துல. மணமகள் அறையில."

"ஏதாவது விசேஷமா?"

"விசேஷம் இல்லாததாலதான் காலியா கெடக்கு. போன் நெட்டுதான் தம்பி. சரிப்பட்டுச்சா?"

அவர் சிரித்துவிட்டார். "சரிப்பட்டுச்சு மேடம்" என்றார். முடிவை மெயிலில் அனுப்புவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மணி பத்தேகால். பூட்டு திறக்க இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. பதினான்கு பேருக்குச் சமைத்துவிட்டு எனக்கு ஒரு டப்பாவில் நாலு இட்லி எடுத்து வைக்க மறந்திருந்தேன். பந்தி நடக்கிற கூடத்துக் குழாயில் தண்ணீர் குடித்தேன். அடைத்த நம்பர்களை உடனே திறந்துவிட்டிருக்கலாம். திறக்கவில்லை. வெறும் ஹாலில் மேலும் கீழும் நடந்தேன், மேடையில் ஏறி உட்கார்ந்தேன், பிறகு அப்படியே படுத்துவிட்டேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக யாரும் என்னைக் கூப்பிட முடியாத இடத்தில் இருந்தேன். சந்தோஷமாக இருந்தது. குற்ற உணர்ச்சி வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவே இல்லை.

இரண்டரைக்கு அந்தப் பெண்மணி வந்து திறந்தார். தேர் அசைந்து வந்த அழகைச் சொன்னார், எனக்கென்று தொன்னையில் புளியோதரை கொண்டுவந்திருந்தார். நின்றபடியே தின்றேன்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது எல்லோரும் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தார்கள். தேர் எங்கள் வாசலைத் தாண்டிப் போயிருந்தது. தட்டை மதினிதான் கொடுத்தாராம். எத்தனை தடவை கூப்பிடுவது, போனை என்ன செய்தாய் என்று வீட்டுக்காரர் கேட்டார். உங்கள் எல்லோரையும் பிளாக் செய்திருந்தேன் என்றேன்.

"புருசன் நம்பரையுமா?" என்றார் மதினி.

"மொதல்ல அவிய நம்பரத்தான் மதினி."

வீட்டுக்காரர் எழுந்தே விட்டார். "வீட்டுல யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தா என்ன செய்வ?"

"என்ன ஆச்சு? சூடம் எங்க இருக்குனு கேக்கத்தான கூப்பிட்டீக?"

 சூடம் கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார். அது எப்போதும் இருக்கிற இடத்திலேயே, சாமி படத்துக்குக் கீழேயே இருந்திருக்கிறது. அவருடைய கேள்வி நியாயமானது என்பது எனக்கும் தெரியும். ராஜபாளையத்தில் நான் இருந்த மில்லில், ஷிப்டுக்குப் போகிற ஆண்கள் வாசலில் போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். எட்டு மணி நேரம் எந்த வீட்டாரும் அவர்களைக் கூப்பிட முடியாது. ஒரு குடும்பமும் அதனால் இடிந்து விழவில்லை. இதை அங்கேயே எல்லோர் முன்னாலும் சொன்னேன். படித்த திமிர் என்று சொல்லிவிட்டு மதினி கடைசி பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் சாயங்காலமே புதுப்பட்டிக்குக் கிளம்பினார். 

ஆறு நாள் கழித்து மெயில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. மகளிடம் சொன்னேன், வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சந்தோஷத்தை மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. வேலை காலை பத்து முதல் இரண்டு வரை. பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மாடிப்படியில் உட்கார்ந்து ஒவ்வொருவராக அடைப்பேன், இரண்டு மணிக்குத் திறப்பேன். ஒளித்துச் செய்யவில்லை. அவசரம் என்றால் படியேறி வந்து சொல்லுங்கள் என்றேன். இரண்டு வாரத்தில் ஒருவர்கூட ஏறி வரவில்லை. அவ்வளவுதான் அவர்களுடைய அவசரம் என்று எனக்குள் எக்களித்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் ஒருநாள், பத்து மணிக்குச் சற்று முன்னால் நான் அடைத்துக்கொண்டிருந்தபோது அத்தை படியேறி வந்தார். மூட்டு வலிக்காரர், மாடிப்பக்கமே வர மாட்டார். மூச்சு வாங்க எனக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தார். அவர் போன் கையில் இருந்தது.

"என் நம்பரையும் தெனம் அடைக்கியா?"

"ஆமா அத்தை."

திட்டப்போகிறார் என்று நினைத்து நானும் ஆயத்தமானேன். அவர் திட்டவில்லை. போனை என் பக்கம் நீட்டினார்.

"நீ அடைச்ச நாள்ல இருந்து எல்லாரும் என்னையத்தான் கூப்பிடுதாக. அவன் கடையில இருந்து, இவ புதுப்பட்டியில இருந்து. அது எங்க, இது எங்கனு. செத்த நேரம் படுக்க ஏலல. அத எப்படிச் செய்யணும்னு காட்டு."

எனக்குச் சுருக்கென்றது. நான் தப்பித்துவிட்டதாக நினைத்த பாரம் எங்கே போய் இறங்கியிருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை. அவருக்கு அறுபத்தெட்டு வயது. என்னைப் போலவே அவரையும் இந்த வீடு எத்தனை வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

முதலில் யாரை என்று கேட்டேன். "எம் மகன" என்றார். எந்த இடத்தில் தொட வேண்டும் என்று காட்டினேன். அவர் தன் விரலாலேயே அழுத்தினார். அடுத்து மகளையும் அழுத்தினார்.

"பொறவு எப்பத் தெறக்கணும் அத்தை?"

போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்குப் பாப்போம்" என்றார்.